கன்று பிறக்கும் நாளைக் குறிப்பது யார்?

சினைப்பசு ஈனும் தறுவாய்க்கு வந்துவிட்டதை வீட்டுப் பெரியவர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? மடி இறங்கிப் பெருத்திருக்கும். காம்புகள் விறைத்து நிற்கும். வாலடியில் இரு பக்கமும் தசைநார்கள் தளர்ந்து குழி விழுந்தாற்போல் இருக்கும். பசு ஓரிடத்தில் நில்லாமல் படுப்பதும் எழுவதுமாகத் தவிக்கும். இந்த அடையாளங்களைப் பார்த்துப் பழகிய ஒருவர், "விடிவதற்குள் கன்று போட்டுவிடும்" என்று சொன்னால் அது பெரும்பாலும் பலிக்கும்.

அவரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள். "ஏன் இன்றைக்கு? பத்து நாளுக்கு முன்பு ஏன் ஈனவில்லை?" என்று. "நாள் நிறைந்துவிட்டது, ஈனுகிறது" என்பதுதான் விடையாக வரும். அது சரியான விடைதான். ஆனால் நாள் நிறைந்துவிட்டது என்பதை அறிந்து சொன்னது யார்? பசுவா, அதன் வயிற்றுக்குள் இருக்கும் கன்றா?

இக்கேள்விக்குத் தெளிவான விடை 1960-களில்தான் கிடைத்தது. கிடைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே மனிதன் அதைத் தன் வசதிக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டான். தான் விரும்பிய வாரத்தில் பசுவை ஈன வைக்கும் ஊசி வந்தது. அதை மிகுதியாகப் பயன்படுத்திய நாடுகளுள் ஒன்று நியூசிலாந்து. 2015-ஆம் ஆண்டில் அதே நாடு அந்த வழக்கத்தை நிறுத்தியும் விட்டது. தொடங்கியதற்கும் காரணம் உண்டு, நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. இரண்டையும் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் கருப்பைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

280 நாள் கணக்கு

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். சினை ஊசி போட்ட தேதியோடு ஒன்பது மாதமும் ஒரு வாரமும் கூட்டினால் கன்று பிறக்கும் நாள் கிட்டத்தட்ட வந்துவிடும். ஹோல்ஸ்டீன், ஜெர்சி இனப் பசுக்கள் இந்தக் கணக்கை ஒட்டியே ஈனுகின்றன. பிரவுன் சுவிஸ் இனத்தில் மட்டும் 290 நாள் வரை ஆகும்.

இதில் ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு ஜெர்சிப் பசுவுக்கு ஓர் ஆண்டு ஜெர்சிக் காளையின் விந்தும், மற்றோர் ஆண்டு பிரவுன் சுவிஸ் காளையின் விந்தும் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது கன்று பொதுவாகச் சில நாட்கள் தாமதித்தே பிறக்கும். தாய் அதே தாய். கருப்பையும் அதே கருப்பை. மாறியது கன்று ஒன்றுதான். அப்படியானால் நாளைக் குறிப்பதில் கன்றுக்கும் பங்கு இருக்க வேண்டுமல்லவா?

பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே இப்படி ஒரு கருத்து உண்டு. வளர்ந்துவிட்ட சிசுவுக்குத் தாயின் வயிற்றில் கிடைக்கும் உணவு போதாமல் போகிறது. அது கைகால்களை உதைத்துக்கொண்டு வெளியே வருகிறது என்று அவை கூறுகின்றன. காரணம் தவறு. ஆனால் ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்!

பின்னால் வந்தவர்கள் தாயின் பக்கமே பார்த்தார்கள். 1906-ஆம் ஆண்டில் ஹென்றி டேல் என்னும் ஆங்கில விஞ்ஞானி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து எடுத்த சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். அச்சாற்றில் உள்ள ஹார்மோனே ஆக்ஸிடோசின். 1953-இல் அதை ஆய்வுக்கூடத்தில் தொகுத்துக் காட்டிய வின்சென்ட் து விஞோ 1955-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பிரசவத்தின் மர்மம் விடுபட்டுவிட்டது போலத் தோன்றியது. ஆனால் ஆக்ஸிடோசின் பெருமளவில் வெளிப்படுவது பிரசவத்தின் கடைசிக் கட்டத்தில்தான். கன்று கருப்பை வாயை அழுத்தும்போது அது சுரந்து, தள்ளும் வேகத்தைக் கூட்டுகிறது. ஓடும் வண்டியை விரைவாக்குவது வேறு, நின்ற வண்டியைக் கிளப்புவது வேறு. கிளப்புவது எது?

பிறக்க மறந்த கன்றுகள்

விடையைக் காட்டியவை, இயல்புக்கு மாறாகப் பிறந்த சில விலங்குகள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குர்ன்சி இனப் பசுக்கள் சில, நாள் கடந்தும் ஈனாமல் இருந்தன. உள்ளே இருந்த கன்றுகளை ஆராய்ந்தபோது அவற்றுக்குப் பிட்யூட்டரியின் முன்பகுதி வளரவே இல்லை என்று தெரிந்தது. இது பரம்பரைக் குறை என்று 1957-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். தாய்ப்பசுக்களிடம் எந்தக் குறையும் இல்லை.

ஐடஹோ மாநிலத்தில் நிகழ்ந்தது இன்னும் விசித்திரமானது. அங்கு மலைப்பகுதியில் மேய்ந்த செம்மறி ஆடுகள் சிலவற்றுக்கு நெற்றியில் ஒற்றைக் கண்ணுடைய குட்டிகள் உருவாயின. சினைப்பட்ட 14-ஆம் நாளில் தாய் ஆடு வெராட்ரம் என்னும் காட்டுச் செடியைத் தின்றதுதான் காரணம். அச்செடியின் நச்சுப்பொருள் குட்டியின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. பிட்யூட்டரி அமைப்பும் சிதைந்தது. செம்மறி ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். இக்குட்டிகளைச் சுமந்த ஆடுகளோ வாரக்கணக்கில் நாள் கடந்தும் ஈனவில்லை.

இந்தச் செய்திகளை ஊன்றிக் கவனித்தவர் கிரகாம் லிக்கின்ஸ். இவர் 1926 முதல் 2010 வரை வாழ்ந்தவர். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் தேசிய மகளிர் மருத்துவமனையில் பணிபுரிந்த மகப்பேறு மருத்துவர். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறக்கும் குழந்தைகளை நாள்தோறும் பார்த்தவர் அவர். பிரசவத்தைத் தொடங்கி வைப்பது எது என்று தெரிந்தால் அது முன்கூட்டியே தொடங்காமல் தடுக்கலாமே என்பது அவருடைய எண்ணம். குழந்தைகளிடம் இதைச் சோதிக்க முடியாது; ஆடுகளிடம் சோதித்தார்.

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரைச் சேர்ந்த கால்நடை அறிஞர்களுடன் சேர்ந்து 1967-இல் அவர் வெளியிட்ட சோதனை இது. சினை ஆட்டின் வயிற்றைத் திறந்து, கருப்பைக்குள் இருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை மட்டும் மின்சாரத்தால் பொசுக்கிவிட்டு, மறுபடி தைத்துவிட்டார்கள். குட்டி உயிரோடு வளர்ந்தது. ஆனால் நாள் நிறைந்தும் ஆடு ஈனவில்லை.

அடுத்தது, நேர் எதிரான சோதனை. பிட்யூட்டரி சுரக்கும் ஒரு ஹார்மோன், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டிக் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. அந்தத் தூண்டும் ஹார்மோனையோ, கார்ட்டிசாலையோ கருப்பைக்குள் இருக்கும் குட்டிக்குச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினார் லிக்கின்ஸ். நாள் நிறையுமுன்பே, சில நாட்களுக்குள் ஆடு ஈன்றது. ஐயத்துக்கு இடமில்லை. நாளைக் குறிப்பது குட்டியே.

பசுவிலும் இதே ஏற்பாடுதான். பசுவுக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் உண்டு. கனடாவின் மனிடோபா மாநிலத்துப் பண்ணையாளர் ஒருவர், மாடுகளுக்குப் பொழுது சாய்ந்தபின் தீனி போட்டால் அவற்றுள் பெரும்பாலானவை பகலிலேயே ஈனுவதைக் கண்டு சொன்னார். பிறகு பலரும் சோதித்து ஒப்புக்கொண்டார்கள். கன்று நாளைக் குறிக்கிறது. அந்த நாளில் எந்த நேரம் என்பதில் தாய் சற்று முன்பின் செய்துகொள்கிறது.

ஒரு செய்தி, ஐந்து கைகள்

சினைக்காலம் முழுவதும் கருப்பையை அசையாமல் வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். பசுவில் இது பெரும்பாலும் சூலகத்தில் உள்ள கார்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் நிறத் திரளிலிருந்து வருகிறது. இது சுரந்துகொண்டிருக்கும்வரை கருப்பைத் தசைகள் உறங்கும். கருப்பை வாய் இறுக மூடியிருக்கும்.

கடைசி இரண்டு மூன்று வாரங்களில் கன்றின் மூளை முதிர்ச்சி பெறுகிறது. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினலைத் தூண்ட, கன்றின் இரத்தத்தில் கார்ட்டிசால் ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் கார்ட்டிசால் நஞ்சுக்கொடியை அடைந்ததும் அங்கே ஒரு நொதியை எழுப்பிவிடுகிறது. அந்த நொதி செய்யும் வேலை வியப்பானது. கருப்பையை அடக்கி வைத்திருக்கும் புரோஜெஸ்டிரோனையே மூலப்பொருளாக எடுத்து, கருப்பையைத் தட்டி எழுப்பும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் வழியைத் திறந்துவிடுகிறது! காவற்காரனைக் கொண்டே கதவைத் திறக்கும் தந்திரம் இது.

ஈஸ்ட்ரோஜன் மிகுந்ததும் கருப்பை பிராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அது கார்பஸ் லூட்டியத்தைச் சிதைத்துவிடுகிறது. எஞ்சிய புரோஜெஸ்டிரோனும் வீழ்கிறது. கருப்பை சுருங்கத் தொடங்குகிறது, வாய் நெகிழ்கிறது, கன்று முன்னால் நகர்ந்து அழுத்த, ஆக்ஸிடோசின் வெளிப்படுகிறது. பனிக்குடம் உடைகிறது. மீதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சில சமயம் கன்று உள்ளேயே இறந்து, உலர்ந்து, கட்டை போல ஆகிவிடுவதுண்டு. அப்படிப்பட்ட பசு நாள் கடந்தும் ஈனாது. இறந்த கன்றால் செய்தி அனுப்ப முடியாது; ஆகவே கார்பஸ் லூட்டியம் தன் போக்கில் சுரந்துகொண்டே இருக்கிறது. கால்நடை மருத்துவர் பிராஸ்டாகிளாண்டின் ஊசி போட்டு அதைச் சிதைத்தால், உலர்ந்த கன்று வெளியேறிவிடுகிறது. மேலே சொன்ன சங்கிலி உண்மை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

117-ஆம் நாள் பிறந்த குட்டி

கார்ட்டிசால் கதவைத் திறப்பதோடு நின்றுவிடுவதில்லை. அதற்கு இரண்டாவது வேலையும் உண்டு. இதை லிக்கின்ஸ் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. அது தானாகக் கண்ணில் பட்டது. ஹார்மோன் செலுத்தப்பட்ட குட்டி ஒன்று 117-ஆம் நாளிலேயே பிறந்தது. அந்த வயதில் நுரையீரல் காற்றை வாங்கி விரியாது. குட்டி பிழைக்கவே முடியாது. இதுவோ மூச்சு விட்டது! இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது.

நம் நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான சிற்றறைகளின் உட்புறத்தில் சோப்பு போன்ற வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. நீரின் பரப்பு இழுவிசையை அது குறைக்கிறது. பூச்சு இல்லாவிட்டால் ஈரமான இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் ஒட்டிக்கொள்வதுபோல் சிற்றறைகள் ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும். இந்தப் பூச்சு சுரப்பதைக் கார்ட்டிசால் விரைவுபடுத்துகிறது. அதாவது, "வெளியே போகிறேன்" என்று அறிவிக்கும் அதே ஹார்மோன், வெளியே போய் மூச்சு விடுவதற்கான ஆயத்தத்தையும் செய்துவைக்கிறது.

லிக்கின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் இதை மனிதர்களிடம் சோதித்து 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய 282 தாய்மார்கள் அதில் பங்கு கொண்டனர். ஒரு பகுதியினருக்குக் கார்ட்டிசாலை ஒத்த பீட்டாமெதசோன் மருந்து ஊசி மூலம் தரப்பட்டது. எதிர்பாராமல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுள், மருந்து பெறாத தாய்மார்களின் குழந்தைகள் பிறந்த சில நாட்களில் 100-க்கு 15 வீதம் இறந்தன. மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் அது 100-க்கு 3 அளவுக்குக் குறைந்தது. இன்று உலகெங்கும் குறைமாதப் பிரசவத்தின்போது தரப்படும் ஊசி இதுதான். தாயைக் காப்பாற்றப் போடுவதன்று. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் நுரையீரலைத் திறந்து வைக்கப் போடுவது.

இந்த இரண்டாவது வேலையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புல்லுக்கு ஏற்ற நாட்காட்டி

நம் ஊர்களில் பசுக்கள் ஆண்டு முழுவதும் முன்பின்னாக ஈனுகின்றன. நியூசிலாந்தில் அப்படியில்லை. அங்கே நூற்றுக்கணக்கான மாடுகள் கொண்ட மந்தைகள் திறந்த வெளியில் புல்லை மேய்ந்தே வாழ்கின்றன. செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்த காலம். புல் கொழித்து வளரும். ஆகவே வசந்தத்துக்குச் சற்று முன்பு, ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும், மந்தை முழுவதும் ஈன்றுவிட வேண்டும். பால் உச்சத்தில் இருக்கும்போது புல்லும் உச்சத்தில் இருக்கும். இலையுதிர் காலமான ஏப்ரல், மே மாதங்களில் மந்தை முழுவதற்கும் பால் வற்ற வைத்துவிடுவார்கள்.

இதற்கான கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 365 நாள். சினைக்காலம் 280 நாள். மீதி 85 நாள். ஈன்ற பசுவின் கருப்பை பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 40 நாள் போய்விடும். எஞ்சியது 45 நாள். பசு பருவத்துக்கு வருவது 21 நாளுக்கு ஒருமுறை. ஆக, அடுத்த ஆண்டு இதே தேதியில் ஈன வேண்டுமானால் பசுவுக்குக் கிடைப்பது இரண்டே வாய்ப்பு! நல்ல பண்ணையிலும் ஒருமுறை சினை ஊசி போட்டால் ஏறக்குறைய பாதி மாடுகளே சினை பிடிக்கும். நூறு மாடுகளில் முதல் முறை 50 தங்கும். அடுத்த முறை 25 தங்கும். பாக்கி 25 மாடுகள் பின்தங்கிவிடும்.

பின்தங்கிய மாடு என்ன ஆகும்? ஆகஸ்ட் 1-இல் ஈன்று ஏப்ரல் 30 வரை கறக்கும் பசு 273 நாள் பால் தரும். அக்டோபர் 10-இல் ஈனும் பசு 203 நாள்தான் தரும். அதோடு முடியவில்லை. அக்டோபரில் ஈன்ற மாடு, மற்ற மாடுகளுக்குச் சினை ஊசி போடும் நாளில் இன்னும் ஆயத்தமாகியிருக்காது. அடுத்த ஆண்டும் பின்தங்கும். இப்படி நழுவிக்கொண்டே போகும் மாட்டைப் பண்ணையாளர் இறைச்சிக்கு விற்றுவிடுவார்.

1970-களில் இந்த மாட்டுக்குத்தான் ஊசி வந்தது. கார்ட்டிசாலைப் போலச் செயற்படும் டெக்ஸாமெதசோன் என்னும் செயற்கை மருந்தைத் தாய்ப்பசுவுக்குப் போட்டால், கன்று அனுப்ப வேண்டிய செய்தியை மனிதனே அனுப்பியதாகிவிடும். இதில் இரண்டு வகை உண்டு. விரைவாகச் செயற்பட்டு மறையும் வகையைக் கடைசி இரண்டு வாரத்துக்குள் போட்டால் இரண்டு மூன்று நாளில் பசு ஈன்றுவிடும். உடலில் மெல்லக் கரைந்து நீண்ட நாள் வேலை செய்யும் வகை ஒன்றும் உண்டு. அதைப் பிரசவ நாளுக்கு 8 முதல் 12 வாரம் முன்பாகவே போடலாம். பசு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஈனும். நியூசிலாந்துப் பண்ணைகளில் பின்தங்கிய மாடுகளை வரிசைக்குக் கொண்டுவரப் பயன்பட்டது இந்த இரண்டாவது வகையே. அக்டோபரில் ஈன வேண்டிய பசு ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஈன்று, மற்ற மாடுகளோடு கறவைக்கு வந்துவிடும்.

ஆயத்தமாகாத கன்று

கணக்கு சரியாகிவிட்டது. கன்று என்ன ஆயிற்று?

கடைசி இரண்டு வாரத்தில் ஊசி போட்டால் கன்று பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதன் உறுப்புகள் ஏற்கெனவே முதிர்ந்துவிட்டன. இரண்டு மாதம் முன்னதாக வெளியே தள்ளப்பட்ட கன்று அப்படிப்பட்டதன்று. இயற்கையில் கன்றின் கார்ட்டிசால் கதவைத் திறப்பதும், கன்றை ஆயத்தப்படுத்துவதும் கைகோத்து நடக்கின்றன. ஊசி கதவைத் திறந்துவிடுகிறது. நுரையீரலும் கல்லீரலும் குடலும் சேர்த்து வைக்க வேண்டியவற்றை அத்தனை குறுகிய காலத்தில் சேர்த்து வைக்க முடிவதில்லை. பல கன்றுகள் இறந்தே பிறந்தன. உயிரோடு பிறந்த பலவற்றுக்கு எழுந்து நிற்கும் வலுவில்லை. அவற்றைக் கொன்றுவிட நேர்ந்தது.

தப்பிய கன்றுகளுக்குச் சீம்பாலிலும் குறை ஏற்பட்டது. பசுவின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குச் செல்வதில்லை. மனிதக் குழந்தைக்கு உள்ள அந்த வசதி கன்றுக்குக் கிடையாது. பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலே அதற்கு ஒரே பாதுகாப்பு. 24 மணி நேரத்துக்குள் அப்பொருள்களை அப்படியே உறிஞ்சும் ஆற்றலைக் குடல் இழந்துவிடுகிறது. தாயின் மடியில் சீம்பால் திரள்வதும் கடைசி வாரங்களில்தான். அந்த வாரங்களையே வெட்டிவிட்டால்?

தாய்க்கும் தொல்லை உண்டு. இயல்பாக ஈன்ற பசு 12 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடியைப் போட்டுவிடும். பசுவின் நஞ்சுக்கொடி ஒரே தட்டாக இல்லாமல் சட்டைப் பொத்தான்கள் போல 70 முதல் 120 இடங்களில் கருப்பையோடு பொருந்தியிருக்கிறது. இந்தப் பொத்தான்கள் கழன்றுகொள்ளவும் முதிர்ச்சி வேண்டும். ஊசியால் ஈன்ற பசுக்கள் பலவற்றில் நஞ்சுக்கொடி தங்கிவிடும். டெக்ஸாமெதசோன் நோய் எதிர்ப்பைத் தளர்த்தும் மருந்தாகையால் கிருமிகளும் எளிதில் தாக்கும்.

பண்ணையாளர்களைக் கல்நெஞ்சர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஊசி போடாவிட்டால் கன்று பிழைக்கும், ஆனால் பின்தங்கிய தாய் இறைச்சிக்குப் போகும். ஊசி போட்டால் தாய் மந்தையில் இருக்கும், கன்று போகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் அவர்கள் இருந்தார்கள். ஆனாலும் இதில் நியாயத்தின் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. தாய் மாடு விற்கப்படுவது சினைப்படுத்தும் முறையில் உள்ள குறையால். அக்குறையைச் சீர்செய்ய வழி உண்டு. பிறக்குமுன்பே ஒரு கன்றைச் சாவதற்கென்று வெளியே அழைப்பது அப்படிப்பட்டதன்று. கன்றுகளைக் கொல்லும் வேலை தங்கள் கையில் விழுவதைப் பண்ணைத் தொழிலாளர்களும் கால்நடை மருத்துவர்களும் விரும்பவில்லை. பால் வாங்கும் மக்களும் கேள்வி கேட்டார்கள்.

நியூசிலாந்தின் பால் துறையும் கால்நடை மருத்துவர்களும் கூடிப் பேசி, ஒரு மந்தையில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஊசி கூடாது என்று வரம்பு கட்டி, அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2015 ஜூன் 1 முதல், மந்தையை வரிசைப்படுத்துவதற்காகப் போடும் ஊசி அறவே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியப் பால் துறையும் இதைக் கைவிடுவதென முடிவு செய்து, 2022-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு நிறுத்தியது. பசுவின் உயிருக்கு ஆபத்து நேரும்போது மருத்துவர் போடும் ஊசிக்குத் தடை இல்லை. கருப்பையில் அளவுக்கு மீறி நீர் சேர்ந்து பசு எழ முடியாமல் தவிக்கும்போது எங்கும் அது பயன்பட்டு வருகிறது.

ஊசி போனபின்

இரண்டே வாய்ப்புக் கணக்கு மட்டும் மாறவில்லை. ஆகவே அந்த வாய்ப்புகளைத் தவறவிடாமல் பிடிப்பதில் பண்ணையாளர்கள் கவனம் செலுத்துகிறார்கள். ஒரு எளிய உபாயம், மாடுகளின் வாலடியில் வண்ணம் பூசி வைப்பது. பருவத்துக்கு வந்த பசு மேல் மற்ற மாடுகள் தாவும். வண்ணம் உரசி அழிந்துவிடும். காலையில் பால் கறக்க வரும்போது எந்த மாட்டின் வண்ணம் அழிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். பருவத்துக்கே வராத மாடுகளுக்குப் புரோஜெஸ்டிரோன் கசியும் சிறு கருவியைச் சில நாட்கள் பிறப்புறுப்பினுள் வைத்து எடுப்பார்கள். எடுத்ததும் அந்த ஹார்மோன் வீழ, மாடு பருவத்துக்கு வரும்.

இன்னொரு வழி, நாம் தொடக்கத்தில் பார்த்த துப்பிலிருந்து வந்தது. கன்றின் தந்தை மாறினால் சினைக்காலம் மாறுகிறதல்லவா? எந்தக் காளையின் கன்றுகள் இயல்பாகவே சில நாள் முன்னதாகப் பிறக்கின்றன என்று ஆயிரக்கணக்கான பதிவுகளிலிருந்து பொறுக்கி எடுத்து, அக்காளைகளின் விந்தைப் பின்தங்கிய மாடுகளுக்குச் செலுத்துகிறார்கள். ஏறக்குறைய பத்து நாள் வரை இதில் மிச்சமாகிறது. இங்கே கதவைத் திறப்பது ஊசியன்று. முன்னதாகவே முதிர்ச்சி பெற்ற கன்று தானே "வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறது.

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் பசு வளர்ப்பவர்களிடம் சினை ஊசி போட்ட தேதியையும் கன்று பிறந்த தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி மாட்டுக்குத் தங்கியதா என்பதையும், கடைசியாகப் போட்டது எப்போது என்பதையும் விசாரியுங்கள். முதல் ஊசியின் தேதியை எழுதிவிட்டால் கணக்கு 21 நாள் தவறிவிடும். ஒவ்வொரு பசுவுக்கும் சினைக்காலத்தைக் கணக்கிட்டுச் சராசரி காணுங்கள். பிறகு காளைக்கன்றுகளையும் கிடேரிக்கன்றுகளையும் தனித்தனியே பிரித்துச் சராசரி எடுங்கள். காளைக்கன்று கிடேரியைவிட ஏறக்குறைய ஒரு நாள் கூடுதலாக உள்ளே தங்கும். ஆனால் பத்துப் பசுக்களின் கணக்கில் இந்த ஒரு நாள் வேறுபாடு தெரியாமல் போகலாம். நூறு பசுக்களாவது வேண்டியிருக்கும்.